மம்பா குலத்துப் பிள்ளை

வமாலா ஏரி அந்த வருஷம் ஊரை விட்டே போய்விட்டது. முந்தின வருஷம் வரை நகசுஜாவின் வாழைத்தோட்டத்துக்குக் கீழே இறங்கினால் கோரைக்காடு, கோரைக்கு அந்தப்பக்கம் தண்ணீர். இப்போது கோரை காய்ந்து, யாரோ தீ வைத்து, கரிக்குச்சியாக நின்றது. தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வெடித்த சேற்றின்மேல் அரை நாள் நடக்க வேண்டும். படகுகள் கட்டிப்போட்ட இடத்திலேயே தரைதட்டிக் கிடந்தன. கோழி அடைக்கலாம் அவற்றில், ஆனால் கோழிக்கு எங்கே போவது? கொள்ளை நோயில் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன.

சந்தையில் விலைபோகிற செதில் மீனெல்லாம் முதலில் செத்தது. குட்டைகளில் ஒதுங்கிய கெளுத்தியைக் கம்பாலா லாரிகள் வாரிக்கொண்டு போயின. மிஞ்சியது மம்பா மீன் ஒன்றுதான். அதற்கென்ன கவலை? விலாங்கு போல உடம்பு, நாயைப் போல கடி, மனுஷனைப் போல மூச்சு. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் இறங்கிச் சுருண்டுகொள்ளும். வாலை எடுத்து முகத்தை மூடி, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோலைப் போர்த்தி, மூச்சுக்கு ஒரு துவாரம் மட்டும் விட்டுத் தூங்கும். மழை வர ஒரு வருஷம் ஆனாலும் அது பாட்டுக்குத் தூங்கும். மேலே ஜனங்கள் பட்டினியில் சாகிறார்கள், காலுக்கடியில் கொழுத்த கறி தூங்குகிறது. மற்றக் குலத்தார் தோண்டித் தின்றார்கள். மம்பா குலத்தார் அதன்மேலேயே நடந்து போனார்கள், குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மம்பா அவர்களுக்கு மீனில்லை, கூடப் பிறந்தவன். கூடப் பிறந்தவனை எவன் தின்பான்? தின்றவனுக்கு உடம்பு அழுகும், அவன் பெயரைக் குலத்தில் எவரும் வைக்கமாட்டார்கள். குலம் அப்பன் வழி வருவது. தாய் எங்கிருந்து வந்தவளாக இருந்தாலும் அதில் சேர்த்தியில்லை. நகசுஜா கருங்குரங்குக் குலத்தில் பிறந்தவள். அவள் மகன் மயன்ஜாவோ அப்பன் முபிருவைப் போல மம்பா குலம்.

அந்த மயன்ஜாதான் இப்போது வாசலில் உட்கார்ந்திருந்தான். ஏழு வயசு. அம்மை வந்து போனதிலிருந்து பிள்ளை தேறவேயில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்தது. தலைமயிர் சோளக்குஞ்சம் மாதிரி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூட அவனுக்கு மனமில்லை. வீட்டில் இருந்தது மரவள்ளி மாவு மட்டும். விதைக்கு வைத்த அவரையையும் கடலையையும் அம்மை கண்ட வாரமே வேகவைத்து ஊட்டித் தீர்த்தாயிற்று. ஆட்டை விற்றாள், மண்வெட்டியை விற்றாள். அதற்குப் பிறகு விற்க அவளிடம் என்ன இருக்கிறது?

மருந்தகத்துத் தாதி பையனின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதவில்லை. இதுக்கு மருந்து சாப்பாடுதான், முட்டை பால் மீன் எதாவது கொடு, இல்லாவிட்டால் மழை வரும்வரை தாங்கமாட்டான் என்றாள். மழைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று இரண்டு பேருமே வானத்தைப் பார்க்கவில்லை.

நகசுஜா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு திரும்பிய வழியில்தான் வலுசிம்பியைப் பார்த்தாள். ஏரித் தரையில் மம்பா தோண்டுகிறவன் அவன். புனுகுப்பூனைக் குலம், எனவே மம்பா தின்ன அவனுக்குத் தடையில்லை. வலது கையில் இரண்டு விரல் இல்லை, மம்பா கடித்துக்கொண்டு போய்விட்டது. பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஊரில் யாரும் அவனோடு உட்கார்ந்து குடிக்கமாட்டார்கள், அவ்வளவு நாற்றம். அவன் ஒரு தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தான். ஓரிடத்தில் நின்று, மறுபடி தட்டி, காதை மண்ணில் வைத்தான். உள்ளே ஏதோ முனகியது. தூக்கத்தில் தொந்தரவு செய்தால் கிழவன் முனகுவானே, அப்படி. வலுசிம்பி தோண்டி, மண்கட்டியோடு அதை வெளியே எடுத்து மண்டையில் போட்டான். அது சாகிற வழியாக இல்லை. துண்டு போட்ட பிறகும் துண்டுகள் துடித்தன.

முதுகில் இருந்த மயன்ஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனை அந்த மாதிரி வளர்த்தவர் முபிரு. வலையில் மம்பா விழுந்தால் வலையை அறுத்தாவது அதைத் தண்ணீரில் விடுவார். மகனைப் படகின் மூக்கில் உட்கார வைத்துக்கொண்டு, பெரியவருக்கு வழி விடு என்பார். பையனுக்கு அப்பன் என்றால் உயிர். நெஞ்சில் சளி கட்டி முபிரு செத்தபோது அவனுக்கு ஐந்து வயசு. துக்கம் கழிக்கிற நாளில் குலத்தார் கூடி, அந்தச் சின்ன உடம்பில் மரப்பட்டைத் துணியைப் போர்த்தி, கையில் அப்பனின் ஈட்டியைக் கொடுத்து வாரிசாக நிறுத்தினார்கள். அன்றிலிருந்து கிழவர்கள்கூட அவனை முபிரு என்றுதான் கூப்பிட்டார்கள். நகசுஜாவும் கேலியாக, என்ன வீட்டுக்காரரே, விறகு இல்லையே என்பாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இவன் நிஜமென்றே எடுத்துக்கொண்டான். அப்பன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான், அப்பன் செய்யாததைச் செய்யவில்லை. பாழாய்ப்போன பிடிவாதம், அதுவும் அப்பனுடையதுதான்.

வீட்டில் இருந்த கடைசிப் பாயை வலுசிம்பியிடம் கொடுத்து அரை மீன் வாங்கினாள் நகசுஜா. எந்தக் குலமானாலும் அந்த ஊர்ப் பெண்கள் மம்பாவைத் தொட்டுச் சமைப்பதே குறைவு, அவள் வாழ்நாளில் அதை வாயில் வைத்ததில்லை. குமட்டலை அடக்கிக்கொண்டு வேகவைத்து, நன்றாகப் பிசைந்து, பரங்கிக் கீரைக்குள் மறைத்து மரவள்ளிக் களியோடு வைத்தாள். பையன் இரண்டு வாய் தின்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை.

"என்னம்மா போட்ட?"

"கெளுத்தி."

"கெளுத்தி எண்ணெ இப்படிச் சிவப்பா மிதக்காது" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. மீன்காரன் பிள்ளையிடம் மீனை மறைக்கலாம் என்று நினைத்தாளே, அவளை என்ன சொல்வது. "பெரியவரையாம்மா சமைச்ச?"

அவள் பதில் சொல்வதற்குள் விரலைத் தொண்டைக்குள் விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். வயிற்றில் இல்லாததும் வந்தது. அன்றிலிருந்து அவள் சட்டியில் வெந்த எதையும் தொடுவதில்லை என்று ஆகிவிட்டது. சாம்பலில் தோலோடு சுட்ட மரவள்ளியை மட்டும், தானே உரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்துத் தின்றான். இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று நகசுஜா தலையில் அடித்துக்கொண்டாள். வீக்கம் காலிலிருந்து முகத்துக்கு ஏறியது, கண் இடுங்கிப் போனது.

வேறு வழியில்லாமல் கணவனின் அண்ணன் கசோசியிடம் போனாள். அந்தப் பக்கத்து மம்பா குலத்தாருக்குக் கசோசிதான் தலைவர். அவர் சொன்னால் பையன் கேட்பான். முற்றத்தில் மண்டியிட்டு வணங்கி, பிள்ளையின் நிலைமையைச் சொன்னாள். மழை வரும்வரைக்கும் மட்டும், பச்சைப் பிள்ளை என்பதால் குலம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். கசோசி கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லமுடியாது. உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரு பிடிக் கேழ்வரகைத் துணியில் முடிந்து கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதைத் தவிர அவர் வீட்டிலும் ஒன்றுமில்லை.

"என் கடைசிப் பொண்ணை எப்ப பொதைச்சேன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.

அவளுக்குத் தெரியும். போன மாதம். இதே வீக்கம், இதே செம்பட்டை மயிர். அவளும் கூடப்போய் அழுதுவிட்டு வந்தாள்.

"வலுசிம்பி என் வாசலுக்கே மீனோட வந்தான். வேணாம்னு அனுப்பினேன். என் பொண்ணுக்குக் குடுக்காததை உன் புள்ளைக்குக் குடுன்னு எந்த வாயால சொல்வேன்? அதுவும் அவன் என் தம்பி வாரிசு. வேற குலத்துப் புள்ளையா இருந்தா இந்நேரம் தின்னுட்டு எழுந்து ஓடியிருப்பான். நம்ம புள்ளையாப் பொறந்துட்டான், என்ன செய்ய."

சொல்லிவிட்டு மேல்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நகசுஜா கேழ்வரகை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வருகிற வழியெல்லாம் வேற குலத்துப் புள்ளை, வேற குலத்துப் புள்ளை என்று அந்த வார்த்தையே காதில் ஓடியது. வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்தபோது அது யோசனையாகிவிட்டது. யோசனை வந்தவுடன் முபிருவின் சமாதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் இருந்தவரை வேறொரு ஆம்பிளையை அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. அதைத்தான் இப்போது தன் வாயாலேயே அழிக்கவேண்டும், அதுவும் பெற்ற பிள்ளையிடம். எந்தப் பொம்பளைக்கும் வரக்கூடாது அப்படி ஒரு வேலை.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. முதலில் வலுசிம்பியைத் தேடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். உன் வாசப்படிகூட நான் ஏறினதில்லையே தாயி, கசோசி ஆட்கள் என்னை வெட்டிப் போடுவார்களே என்றான். அவள் எழுந்திருக்கவேயில்லை, மண்டியிட்டபடியே இருந்தாள். அவன் விரலில்லாத கையைக் கொஞ்ச நேரம் சொறிந்துகொண்டிருந்தான்.

"சரி, கேட்டா நான் ஒண்ணும் பேசலை. பேசாம இருக்கிறது எனக்குப் பழக்கந்தான்" என்றான். ஒரு முழு மீனையும் தூக்கிக் கொடுத்தான்.

நகசுஜா இந்த முறை மறைக்கவில்லை. மகன் பார்க்க வாசலிலேயே அடுப்பு மூட்டி, மீனை அவன் கண்ணெதிரிலேயே அறுத்துச் சட்டியில் போட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அது வெந்து இறக்கிய பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மயன்ஜா. நீ மம்பா குலமில்ல."

ஈயைக்கூட ஓட்டாதவன் தலையைத் திருப்பினான்.

"நீ முபிருவுக்குப் பொறக்கல. வலுசிம்பிக்குப் பொறந்தவன். உன் குலம் புனுகுப்பூனை. மம்பா உனக்கு வெறும் மீனு, அவ்வளவுதான்."

"அந்த விரலில்லாதவனா?"

"அவருதான்."

"பொய்."

அவள் அவன் தலையில் கையை வைத்தாள். மயிர் கையோடு வந்தது. "உன் தலைமேல சத்தியம்" என்றாள். அந்தத் தலையைக் காப்பாற்றத்தான் அதன்மேலேயே பொய்ச்சத்தியம். எந்த அம்மாவும் சாகக் கிடக்கிற பிள்ளையின் தலையில் அடித்துப் பொய் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் நம்பினான். நம்பியது அவன் முகத்தில் தெரிந்தபோது நகசுஜாவுக்கு, இதைவிட நான் செத்திருக்கலாம் என்று தோன்றியது.

அவன் அழவில்லை. சட்டியை எட்டிப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். சட்டியில் இருந்த எண்ணெயோடு அள்ளி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றான். இரண்டு முறை குமட்டியது, இரண்டு முறையும் வாயைப் பொத்தி விழுங்கினான்.

வலுசிம்பி மீனை நிறுத்தவில்லை. தினமும் விடிந்ததும் வாசல் கல்மேல் ஒரு துண்டு இருக்கும். பிள்ளைகள் உடம்புதான் அதிசயம், இத்தனை கொடுமையையும் மறந்து தேறிவிடுகிறது. முகத்து வீக்கம் முதலில் இறங்கியது, பிறகு கால். எழுந்து நின்றான், வாசல்வரை நடந்தான். ஒருநாள் சாம்பலைக் காலால் எற்றி விளையாடினான். நகசுஜா யாருக்கும் தெரியாமல் வாழைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அவள் கணக்கெல்லாம் இதுதான்: மழை வரும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது, அம்மாவும் பிள்ளையுமாக. ஆனால் அவன் முபிரு வளர்த்த பிள்ளை ஆயிற்றே. நன்றாக நடக்க வந்த அன்றே, அவளிடம் சொல்லாமல், மரப்பட்டைத் துணியையும் ஈட்டியையும் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு கசோசி வீட்டுக்குப் போய் முற்றத்தில் வைத்துவிட்டான். இது என்னுடையதில்லை பெரியப்பா, நான் வலுசிம்பி பிள்ளையாம், மம்பாவும் தின்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பெரியப்பா என்று கூப்பிட்டதற்கும் மன்னிப்புக் கேட்டானாம். அங்கே இருந்த பெண்கள் பிறகு அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் பற்றிக்கொண்டது. குலத்துப் பையன்கள் நாலு பேர் போய் வலுசிம்பியின் குடிசையைப் பிரித்துப் போட்டு அவனையும் நொறுக்கினார்கள். அவன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது கல்மேல் துண்டு இருந்தது, அதில் அவன் ரத்தமா மீன் ரத்தமா என்று தெரியவில்லை.

பிறகு கசோசி வந்தார், குலத்துப் பெரியவர்கள் பின்னால் வர. நகசுஜா மண்டியிட்டாள். பெரியவர்களில் ஒருவர் தீர்ப்பைச் சொன்னார்: குலத்துப் பிள்ளை இல்லாத வீட்டுக்குக் குலத்து மண் இல்லை, தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். முபிருவின் சமாதிப்பக்கமும் இனி வரக்கூடாது. அவள் தலையை ஆட்டினாள். இவ்வளவும் அவள் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது கசோசி செய்த காரியம். எல்லாரும் பார்க்க, அந்த மனுஷன் அவளுக்கு எதிரில் மண்டியிட்டார். அந்த நாட்டில் ஆம்பிளை பொம்பளை முன்னால் மண்டி போடுவது என்பது கிடையாது. பெரியவர்கள் திகைத்துப் போனார்கள்.

"இந்தப் புள்ளை நெத்தியைப் பாரு, இந்தக் காதைப் பாரு. என் தம்பி மூஞ்சியை எனக்குத் தெரியாதா? நீ எதுக்குச் சொன்னேன்னும் எனக்குத் தெரியும். நான் என் பொண்ணுக்காகச் சொல்லாததை நீ சொல்லிட்ட." கையை நீட்டிப் பையனைக் காட்டினார். "ஒரே வார்த்தை சொல்லு. இவன் முபிரு புள்ளைதான்னு சொல்லு. தின்ன தீட்டை நான் என் தலையில ஏத்துக்கிறேன். மழை வந்ததும் ஒரு ஆட்டை வாங்கி வெட்டிக் கழிச்சுடலாம். தோட்டமும் இருக்கும், புள்ளையும் எங்களுக்கு இருப்பான். சொல்லு."

தனியாக வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மயன்ஜா கதவோரம் நின்றுகொண்டிருந்தான். நகசுஜா வானத்தைப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் அவன் அன்றைக்கே சட்டியைத் தள்ளிவைப்பான். தின்றதையெல்லாம் நினைத்து விரலைத் தொண்டைக்குள் விடுவான். அவன் கணுக்கால் எலும்பு இப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

"இல்ல அத்தான். இவன் வலுசிம்பி புள்ளை."

சொல்லிவிட்டுத்தான் மகனைப் பார்த்தாள். அதுவரை அவன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அம்மா ஆமாம் என்று சொல்லுவாள், எல்லாம் பொய் என்று ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறான் பாவி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. கசோசி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டாமலே போனார். மற்றவர்களும் போனார்கள்.

வீட்டில் மூட்டை கட்டுவதற்கு அதிகம் இல்லை. புறப்படுமுன் தின்றுவிட்டுப் போகட்டும் என்று மீனை வைத்தாள். மயன்ஜா உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான். இப்போதெல்லாம் குமட்டுவதில்லை, மற்றப் பிள்ளைகள் தின்கிற மாதிரியே தின்றான். பாதியில் நிறுத்திக் கேட்டான்.

"அவருக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"முபிருவுக்கு. நான் அவரு புள்ளை இல்லேன்னு."

அப்பா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து போய்விட்டிருந்தது. நகசுஜா அடுப்புப் பக்கம் திரும்பி, அணைந்த கட்டையை ஊதுவது போலக் குனிந்தாள். பொய்யோடு பொய்யாக இதையாவது அவனுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

"தெரியும். தெரிஞ்சுதான் உன்னைத் தூக்கி வளர்த்தாரு."

மயன்ஜா கொஞ்சம் யோசித்தான். விரலில் ஒட்டியிருந்த எண்ணெயை நக்கிக்கொண்டான்.

"அப்ப ரொம்ப நல்ல ஆளும்மா அவரு" என்றான், யாரோ வழிப்போக்கனைப் பற்றிச் சொல்வதுபோல. இன்னும் கொஞ்சம் மீன் கேட்டுத் தட்டை நீட்டினான்.